எல்லாரும் ஓம் சொன்னால்தான் பக்கம் திரும்பும்

எனக்கு ஐம்பது வயது கடந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் தாதியாக வேலை. பிள்ளைகள் வளர்ந்து ஆளாகிவிட்டார்கள். நான் சித்திரக்கதை வாசிக்கிறேன். குதிரையில் வந்து துப்பாக்கி நீட்டுகிறவர்கள், கடலடியில் புதையல் தேடுகிறவர்கள், மழைக்கோட்டின் கழுத்துப்பட்டியைத் தூக்கிவிட்டுத் துப்பறிகிறவர்கள் எல்லாரும் எனக்கு வேண்டியவர்கள். கல்யாண வீடுகளில் இதைக் கேள்விப்பட்டு வாயைப் பொத்திச் சிரிக்கிற பெண்கள், தாங்கள் பார்க்கிற தொடர்களில் மாமியாரும் மருமகளும் வருடக்கணக்காக முறைத்துக்கொண்டு நிற்பதைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. என் கதைகளில் ஒருவரை ஒருவர் முறைத்தால் அடுத்த கட்டத்தில் சுட்டுவிடுவார்கள். அலுவல் முடிந்துவிடும்.

சுன்னாகம் சந்தைக்குப் பக்கத்தில், ஒரு பழைய கட்டடத்தின் முன்னறையில் எங்கள் சித்திரக்கதைக் கடை இருந்தது. வேலையில்லாத நாட்களில் நீர்வேலியிலிருந்து ஸ்கூட்டியில் போவேன். மரக்கறி வாங்கப் போகிறேன் என்பது வீட்டுக்குச் சொல்கிற சாட்டு. கடைக்காரர் என்னைவிட மூத்தவர், நான் அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். அவரை நல்ல வியாபாரி என்று அவருடைய மனைவியே சொல்ல மாட்டார். கேட்ட புத்தகத்தை எடுத்துத் தருவதற்கு முன் ஏன் அதைக் கேட்கிறோம் என்று விசாரணை வைப்பார். தனக்குப் பிடிக்காத புத்தகமென்றால் விற்க மனம் வராது. தூசு தட்ட மாட்டார். கோயிலில் கொடியேறினால் தீர்த்தம் முடியும்வரை கடை பூட்டு.

ஒருமுறை கடைசிப் பக்கங்கள் இல்லாத ஒரு பழைய புத்தகத்தை என் தலையில் கட்டினார். நான் திருப்பிக் கொண்டுபோனபோது கொஞ்சமும் வெட்கப்படவில்லை. பால் விடாத பிளேன்ரீ ஒன்றை ஊற்றித் தந்து, மிச்சக் கதையை வாயாலேயே சொல்லி முடித்தார். வில்லன் பாலத்தில் இருந்து விழுந்து செத்தான். பல வருடங்களுக்குப் பிறகு முழுப் புத்தகம் ஒன்று என் கையில் கிடைத்தது. அதில் பாலமே இல்லை. வில்லன் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு ஊருக்குப் போய்விடுகிறான். அண்ணை சொன்ன முடிவுதான் நல்லது, இப்போதும் அதையே வைத்திருக்கிறேன்.

அவருக்குப் புத்தகங்கள் வந்து சேர்ந்த வழியும் வேறு எந்தக் கடைக்கும் இருந்திருக்காது. இங்கே கல்யாணம் நிச்சயமானால், வசதியுள்ளவர்கள் கூறைச் சேலை எடுக்கச் சென்னைக்குப் போவார்கள். யார் வீட்டில் கல்யாணம் என்று அண்ணைக்குப் புரோக்கருக்கு முந்தித் தெரிந்துவிடும். போகிறவர்களிடம் ஒரு கடையின் விலாசத்தைக் கொடுத்து, சேலைகளுக்கு நடுவில் வைத்துக் கொஞ்சப் புத்தகம் கொண்டுவரச் சொல்வார். அதனால் தை, வைகாசி, ஆவணி மாதங்களில் கடையில் புதுப் புத்தகம் குவியும். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணமில்லை, கதையும் இல்லை. ஒரு கதையின் முதற்பாகம் ஒரு கல்யாணத்தில் வரும், இரண்டாம் பாகத்துக்கு இன்னொருவருக்குச் சாதகம் பொருந்த வேண்டும். எங்கள் புத்தகங்கள் எல்லாம் புதுச் சேலை வாசம் அடித்தன.

கடையின் நடுவில் நாலு பேர் இருக்கக்கூடிய ஒரு நீளமான மரவாங்கு கிடந்தது. வருகிற ஒவ்வொரு புதுப் புத்தகத்திலும் ஒரு பிரதியை அண்ணை விற்க மாட்டார். அது வாங்கில் இருந்து வாசிப்பதற்கு. ஒரே பிரதியை மூன்று நான்கு பேர் நெருக்கியடித்துக்கொண்டு வாசிப்போம். நடுவில் இருக்கிறவர் புத்தகத்தைப் பிடிப்பார். ஒரு பக்கத்தை வாசித்து முடித்தவர் "ஓம்" என்பார், ஆம் என்பதற்கு எங்கள் ஊர்ச் சொல் அது. எல்லாரும் ஓம் சொன்னால்தான் பக்கம் திரும்பும். போர்க்காலத்தில் கடதாசியே கிடைக்காமல் இருந்தபோது, ஊருக்கு ஒரு புத்தகம் என்ற நிலையில் வந்த பழக்கம் இது. அந்தத் தட்டுப்பாடு போய்விட்டது, பழக்கம் போகவில்லை. வாசித்து முடித்த பிறகு பிடித்திருந்தால் ஒரு பிரதி வாங்குவோம். பிடிக்காவிட்டால் அண்ணையோடு சண்டை பிடிப்போம்.

எங்களுக்குள் மெதுவாக வாசிக்கிறவர் சந்தையில் வெங்காயம் விற்கிற தம்பி. தம்பி என்றாலும் நாற்பதைத் தாண்டிய ஆள், மூட்டை தூக்கித் தூக்கித் தோள் அகன்றவர். இடப்பெயர்வில் அவருடைய பள்ளிக்கூடம் பாதியில் நின்றுவிட்டது. உதடு அசைய அசைய வாசிப்பார், படத்தில் ஒவ்வொரு குதிரையையும் தனித்தனியாகப் பார்ப்பார். அவருடைய ஓம் வரும்வரை காத்திருக்கத் தொடங்கிய பிறகுதான் நானும் குதிரைகளைப் பார்க்கப் பழகினேன்.

போன வருடம் வீதியின் மறுபக்கத்தில் அந்தப் பெரிய கடை வந்தது. நாடு முழுதும் கிளை வைத்திருக்கிற சுப்பர் மார்க்கெட். கண்ணாடிக் கதவு, ஏசி, வாசலில் காவலாளி. சின்னக் கடை என்றால் தெய்வம், பெரிய கடை என்றால் பேய் என்று பாட்டுப் பாட எனக்கு விருப்பமில்லை. சவர்க்காரமும் பால்மாவும் நானும் அங்கேதான் வாங்குகிறேன். நான் குமரியாக இருந்த காலத்தில், மாதவிலக்குக்கு வேண்டியதை வாங்கப் போனால் மூலைக்கடைக்காரர் அதைப் பத்திரிகைத் தாளில் சுற்றிக்கொண்டே நான் யாருடைய மகள், ஏன் தனியே வந்தேன் என்றெல்லாம் கேட்பார். என் மகளை யாரும் கேட்பதில்லை. தானே எடுக்கிறாள், காசைக் கொடுக்கிறாள், வருகிறாள். பில் அடிக்கிற பெண்பிள்ளைகள் சுற்றுக் கிராமங்களில் இருந்து வருகிறவர்கள், அவர்களுடைய சம்பளத்தில் வீடுகள் நடக்கின்றன. இதையெல்லாம் மறைத்துவிட்டுக் கதைப்பது நியாயமில்லை.

ஆனால் அந்தக் கடைக்குக் கார் நிறுத்த இடம் போதவில்லை. அண்ணையின் கடை இருந்த கட்டடத்தின் சொந்தக்காரர் கனடாவில் இருக்கிறார். அங்கிருந்தபடியே இடத்தைக் கொடுக்கச் சம்மதித்துவிட்டு, அண்ணைக்குத் தொலைபேசியில் விஷயத்தைச் சொன்னார். அதற்கு அடுத்த வாரமே பெரிய கடையின் முகாமையாளர் வந்தார். மரியாதையான பெடியன், யாழ்ப்பாணத்து ஆள்தான். தங்கள் கடைக்குள் சித்திரக்கதைக்கு ஒரு மூலை திறந்திருப்பதாகவும், அண்ணை விரும்பினால் மாதச் சம்பளத்துக்கு வந்து அதைப் பார்த்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். வெள்ளிக்கிழமைக்குள் மறுமொழி வேண்டும்.

நான் போனபோது அண்ணை புத்தக இறாக்கைக்கு முன்னால் சும்மா நின்றுகொண்டிருந்தார். வாங்கில் வெங்காயத் தம்பி மட்டும் இருந்தார். அண்ணை ஏசுவார், கத்துவார் என்று எதிர்பார்த்த எனக்கு அவர் அமைதியாகக் கதைத்தது பயத்தைத் தந்தது. வேறு இடம் எடுக்க முற்பணத்துக்கு வழியில்லை என்றார். மனைவி இத்தனை வருடத்தில் ஒரு மாதமாவது ஒழுங்கான சம்பளத்தைக் கண்டிருப்பாரோ என்றார். ஏசிக்குள் இருந்தால் புத்தகங்களுக்குப் பூச்சி பிடிக்காது என்றும் சொன்னார். அவர் மனம் முக்கால்வாசி அந்தக் கடைக்குப் போய்விட்டது என்று எனக்கு விளங்கியது. எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. கனடாக்காரர்மேல், முகாமையாளர்மேல், அங்கே வாங்கிய என் சவர்க்காரத்தின்மேலும் வந்தது.

கடைசியில் அண்ணைதான் சொன்னார்.

"நான் போனால் எனக்கு எல்லாம் பிழையாத்தான் தெரியும். நீங்கள் ரெண்டு பேரும் ஒருக்கா போய்ப் பாத்திட்டு வாங்கோ. நல்லா இருந்தால் நல்லா இருக்கெண்டு சொல்லுங்கோ. எனக்காகப் பொய் சொல்ல வேண்டாம்."

நாங்கள் இருவரும் வீதியைக் கடந்து போனோம். உண்மையிலேயே நல்லதாக இருந்தால் என்ன செய்வது என்பதுதான் என் கவலை.

வாசலில் நின்ற காவலாளி வயதான மனிதர், சீருடை கொஞ்சம் பெரிது. தம்பி உடுத்திருந்த சாரத்தில் ஒட்டியிருந்த வெங்காயச் சருகைப் பார்த்துவிட்டுக் கதவைத் திறந்துவிட்டார். சித்திரக்கதை மூலையைத் தேடிக் கண்டுபிடிக்க நேரமாயிற்று. விளையாட்டுச் சாமான்களுக்கும் பால்மா டின்களுக்கும் நடுவில், சிறுவர் பகுதியில் வைத்திருந்தார்கள். ஐம்பது வயதில் வாசகியாக வந்த என்னை ஒரு கரடிப்பொம்மை வரவேற்றது.

ஆனால் புத்தகங்கள் அழகாக இருந்தன. அதை மறுக்க மாட்டேன். தடித்த அட்டை, பளபளக்கும் வர்ணம். ஆவணிக் கல்யாணங்களுக்காக நாங்கள் காத்திருந்த இரண்டாம் பாகம் அங்கே வரிசையாக அடுக்கியிருந்தது. கண்டதும் கையை நீட்டினேன். எல்லாம் இறுக்கமான பொலித்தீன் உறைக்குள் இருந்தன.

தம்பி ஒரு பிரதியை எடுத்தார். வெங்காயத்தின் மேல்தோலை உரிக்கிறவர் மாதிரி நகத்தால் உறையைக் கீறி உரித்து, மடித்து மடியில் செருகிக்கொண்டார். பக்கத்தில் பிள்ளைகளுக்கான சின்னஞ்சிறு பிளாஸ்டிக் கதிரைகள் கிடந்தன. ஒரு சிவப்புக் கதிரையில் அவர் இருந்தார், மஞ்சளை எனக்கு இழுத்து வைத்தார். நானும் இருந்துவிட்டேன். சத்தியமாக எனக்கு அதில் ஒரு பிழையும் தோன்றவில்லை. புத்தகம் வந்தால் இருந்து வாசிப்பது என்பது எங்களுக்கு அப்படி ஊறிப்போயிருந்தது. நான் ஓம் என்றேன், கொஞ்சம் பொறுத்துத் தம்பியும் ஓம் என்றார், பக்கம் திரும்பியது. தலைக்கு மேலே யாரோ நிற்பதை அதன் பிறகுதான் கண்டேன்.

முகாமையாளரும், அவரைக் கூட்டிவந்த வேலைக்காரப் பிள்ளையும் நின்றார்கள். உறையைக் கிழித்தால் புத்தகத்தை எடுக்கத்தான் வேண்டும் என்றும், எல்லாம் கமராவில் பதிவாகியிருக்கிறது என்றும் முகாமையாளர் மெல்லிய குரலில் சொன்னார். தம்பி அவரைப் பார்த்து விழித்தார். நடிப்பு இல்லை, அவருக்கு உண்மையிலேயே விளங்கவில்லை.

"வாசிக்காமல் எப்பிடித் தம்பி வாங்கிறது? உரிச்சுப் பாக்காமல் நான் ஒரு மூட்டை வெங்காயமும் எடுத்ததில்லை."

"இது வெங்காயம் இல்லை அங்கிள்."

பால்மா எடுக்க வந்த இரண்டு பெண்கள் நின்று பார்த்தார்கள். அதில் ஒருத்தி எனக்குத் தெரிந்தவள். முகாமையாளர் காவலாளியைக் கையசைத்துக் கூப்பிட்டார். தம்பியின் காது சிவந்துவிட்டது. சந்தையில் இத்தனை பேரிடம் நல்ல பெயர் எடுத்த மனிதர், குழந்தைக் கதிரையில் முழங்கால் நெஞ்சில் முட்ட, திருடனைப் போல இருந்தார். அப்போது எனக்கு வந்த கோபத்தை நான் அடக்கவில்லை, அடக்க விரும்பவும் இல்லை.

தம்பியின் கையிலிருந்து புத்தகத்தை வாங்கிக்கொண்டு போய்க் காசைக் கட்டினேன். பில்லை எடுத்துக்கொண்டு திரும்பி வந்து அதே மஞ்சள் கதிரையில் இருந்தேன். முகாமையாளர் வாசலைக் காட்டினார்.

"இப்ப இது எங்கடை புத்தகம்," என்றேன். "வாசிச்சு முடிச்சிட்டுத்தான் எழும்புவம்."

என்னிடம் பில் இருந்தது. நடைபாதையை மறிக்கவில்லை, சத்தம் போடவில்லை. எங்களை எழுப்ப அவரிடம் ஒரு காரணமும் இருக்கவில்லை. காவலாளியை எங்களுக்குப் பின்னால் நிறுத்தி, கவனமாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனார்.

நாங்கள் வாசித்தோம். முதல் இரண்டு பக்கமும் கோபத்தில் எனக்கு ஒன்றும் ஏறவில்லை. தம்பிக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். பிறகு கதை எங்களை இழுத்துவிட்டது. பாலைவனத்தில் கதாநாயகனின் குதிரை விழுகிறது, தண்ணீர் இல்லை, மலைக்குப் பின்னால் புகை தெரிகிறது. நான் ஓம் என்றேன். நெடுநேரம் கழித்துத் தம்பி ஓம் என்றார். நான் பக்கத்தின் நுனியைப் பிடித்தேன்.

"பொறுங்கோ," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "நான் இன்னும் முடிக்கேல்லை."

நானும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் சிரித்திருப்போம், அந்த மனிதருக்கு வேலை போயிருக்கும். கமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, நேராக நின்று, எங்கள் தலைகளுக்கு மேலால் அவர் வாசித்துக்கொண்டிருந்தார். காத்திருந்தோம். கொஞ்சம் பொறுத்து, இருமுகிறவர் போல, ஓம் என்றார். பக்கம் திரும்பியது. அதன் பிறகு மூவரும் வாசித்தோம். பாதிக்கு மேல் போனபோது முகாமையாளர் அவரை வாசலுக்குக் கூப்பிட்டுவிட்டார். போகும்போது அவர் புத்தகத்தைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனதை நான் கண்டேன்.

அண்ணையிடம் வந்து நடந்ததை எல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னோம். பொய் சொல்ல வேண்டாம் என்று கேட்டிருந்தார் அல்லவா, அதனால் புத்தகங்கள் அழகு என்பதையும் ஏசி சுகம் என்பதையும் சொன்னேன். உறையைப் பற்றிச் சொன்னபோது முகம் மாறவில்லை. காவலாளியின் கட்டம் வந்ததும் சிரிக்கத் தொடங்கினார். வாரக்கணக்காகக் காணாத சிரிப்பு. வாங்கில் இருந்து, தொடையில் அடித்து, கண்ணைத் துடைத்துச் சிரித்தார். பிறகு எந்தப் பக்கத்தில் அந்த மனிதரைக் கூப்பிட்டார்கள் என்று கேட்டார். தம்பி காட்டினார். அண்ணை அந்தப் பக்கத்தில் ஒரு பழைய பஸ் டிக்கெட்டை வைத்துப் புத்தகத்தை மூடினார்.

வெள்ளிக்கிழமை முகாமையாளர் வந்தபோது நானும் இருந்தேன், வேண்டுமென்றே லீவு போட்டிருந்தேன். என்னைக் கண்டதும் அவர் முகம் கொஞ்சம் இறுகியது. அண்ணை அவரை வாங்கில் இருத்தித் தேத்தண்ணி கொடுத்தார். இந்த வாங்கையும் கொண்டுவரலாமோ என்று கேட்டார். கட்டாயம் கொண்டுவாருங்கள், பழைய சாமான் என்றால் ஆட்கள் வந்து படம் எடுப்பார்கள் என்று முகாமையாளர் சந்தோஷமாகச் சொன்னார்.

"இருந்து வாசிக்கலாமோ?"

"இருக்கலாம் அங்கிள். புத்தகம் உறையோடை இருக்கோணும். அது கொம்பனிச் சட்டம், என்ரை கையிலை இல்லை."

"உங்கடை கையிலை இல்லாட்டில் பிழையில்லைத் தம்பி," என்றார் அண்ணை. "இது என்ரை கையிலை இருக்கு. நான் வரேல்லை."

அவ்வளவுதான் கதைத்தார். முகாமையாளர் தேத்தண்ணியை முழுதாகக் குடித்துவிட்டு, நன்றி சொல்லிப் போனார். அவர்மேல் எனக்கு இப்போது கோபமில்லை. அவர் ஒரு புத்தகத்தை உறை கிழித்து ஒருவருக்குக் கொடுக்க வேண்டுமென்றால் கொழும்பைக் கேட்க வேண்டும். அண்ணை யாரையும் கேட்கத் தேவையில்லை. பெரிய கடைக்கும் சின்னக் கடைக்கும் வித்தியாசம் பரப்பளவில் இல்லை என்று அன்றைக்கு எனக்கு விளங்கியது. சின்னக் கடையில் முடிவெடுக்கிற ஆள் உங்களுக்கு முன்னால் நிற்பார். அவர் விசர் பிடித்தவராக இருக்கலாம், அவரோடு சண்டை பிடிக்கலாம். பெரிய கடையில் சண்டை பிடிக்கவும் ஆளில்லை, சட்டம் மட்டும்தான் இருக்கிறது.

கட்டடம் கைவிட்டுப் போனது. நாங்கள் அதைக் காப்பாற்றினோம் என்று எழுத எனக்கும் ஆசைதான், ஆனால் நடக்கவில்லை. அண்ணையின் மனைவி பல நாட்கள் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை, அதிலும் நியாயம் இருக்கிறது. வெங்காயத் தம்பி ஒருநாள் விடியவே வண்டிலைக் கொண்டுவந்து இறாக்கைகளை ஏற்றினார். சந்தையில் அவருடைய கடையில் பாதியை ஒதுக்கியிருந்தார். நடுவில் தடுப்புக்கூட இல்லை. ஒரு பக்கம் மூட்டைகள், மறுபக்கம் குதிரை வீரர்கள். மழை வந்தால் தகரக்கூரையில் ஒரு மூலை ஒழுகும். எங்கள் புத்தகங்கள் இப்போது சேலை வாசமும் வெங்காய வாசமும் சேர்ந்து அடிக்கின்றன. வெங்காயம் வாங்க வருகிறவர்கள் வாங்கில் இருந்துவிட்டு, சமைக்க நேரமாகிவிட்டதென்று பதறி எழும்புகிறார்கள். பழைய வாடிக்கையாளர் சிலர் வரவில்லை. புதியவர்கள் சிலர் வருகிறார்கள். கணக்கு எப்படி என்று நான் கேட்பதில்லை, அண்ணை மறுபடி எல்லாரையும் ஏசத் தொடங்கிவிட்டார், அது எனக்குப் போதும்.

போன ஞாயிற்றுக்கிழமை நானும் தம்பியும் வாங்கில் இருந்தபோது, சாரமும் வெள்ளைச் சேட்டும் போட்ட ஒருவர் எங்கள் தலைக்கு மேலால் எட்டிப் பார்த்தபடி மூட்டைகளுக்கு நடுவில் தயங்கி நின்றார். சீருடை இல்லாததால் எனக்கு உடனே பிடிபடவில்லை. அண்ணை அவரை முன்பின் கண்டதில்லை, ஆனாலும் யாரென்று கேட்கவில்லை. மேல்தட்டில் இருந்து அந்த இரண்டாம் பாகத்தை எடுத்து, பஸ் டிக்கெட் இருந்த பக்கத்தில் விரித்து, எங்கள் மடியில் வைத்தார். நான் தள்ளி இருந்து இடம் காட்டினேன். நின்றே வாசித்துப் பழகிவிட்டது என்று சொல்லி, அவர் எங்களுக்குப் பின்னால் வந்து நின்றார்.

நான் ஓம் என்றேன். தம்பி ஓம் என்றார். வெளியே எங்கள் பழைய கடையை இயந்திரம் இடித்துக்கொண்டிருந்தது, சுவர் விழுகிற சத்தம் சந்தைவரை கேட்டது.

"பொறுங்கோ," என்றார் அவர்.

பொறுத்தோம். யாரும் பக்கத்தைத் திருப்பவில்லை.